அபராதத்தையும் டிக்கெட்டோடு சேர்த்துக் கணக்குப் போடும் பெற்றோருக்கு

"கோடை விடுமுறைக்கு இரண்டு வாரம் முன்னதாகப் பிள்ளைகளோடு ஊருக்குப் புறப்பட்டால் டிக்கெட்டில் மிச்சமாகும் பணம், பள்ளிக்கு வராததற்கான அபராதத்தைவிட அதிகம். கட்டிவிட்டுப் போகலாம்தானே?" லண்டன் பள்ளி ஒன்றில் வருகைப் பதிவைக் கவனிப்பவள் என்பதால், கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. பள்ளி மூடும் ஜூலைக் கடைசியில் கொழும்புக்கும் சென்னைக்கும் கட்டணம் எப்படி ஏறுகிறது என்பது எனக்கும் தெரியும். நானும் அதே டிக்கெட்டைத்தான் வாங்குகிறேன். ஆனால் இது 2024 ஆகஸ்டில் அபராத விதிகள் மாறுவதற்கு முந்தைய கணக்கு.

இங்கிலாந்தில் ஒரு பள்ளி நாள் காலை, மாலை என இரண்டு வேளைகளாகப் பதிவாகிறது. பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாமல் பத்து வேளை, அதாவது ஐந்து நாள் தவறினால் அபராத அறிவிப்புக்கான வரம்பு வந்துவிடும். தொகை 80 பவுண்டு. 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 28ஆம் நாள் வரை 160. பலர் திடுக்கிடுவது அடுத்த விவரத்தில்: இது குடும்பத்துக்கு ஒன்றல்ல, ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் 320. தாமதித்தால் 640. தவணை கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

மூன்று ஆண்டுக்குள் அதே பிள்ளைக்காக இரண்டாம் முறை வந்தால் சலுகையே இல்லை, நேராக 160. மூன்றாம் முறை அறிவிப்பே வராது. பெரும்பாலும் மஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குத்தான் அழைப்பு வரும். அங்கே 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம். தெரிந்தே செய்தது நிரூபணமானால் 2,500 வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை. அறிவிப்புத் தொகையைக் கட்டினால் விவகாரம் முடிந்துவிடும், குற்றத் தீர்ப்பு ஆகாது. நீதிமன்றம் தண்டித்தால் அது குற்றத் தீர்ப்பு. பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது அதைச் சொல்லியாக வேண்டும். ஆண்டுதோறும் ஜூலையில் முன்கூட்டியே புறப்படும் குடும்பத்துக்கு மூன்றாவது பயணத்திலேயே கணக்கு பிசகிவிடும்.

நாலு நாளோடு நிறுத்திக்கொள்ளும் தந்திரமும் எங்களுக்குப் புதிதல்ல. பதிவேடு மூடிய பின் பிள்ளை வந்து சேர்ந்த காலைகளும் அந்தப் பத்தில் சேரும். வரம்புக்குக் கீழே வேண்டுமென்றே அடிக்கடி விடுப்பு எடுத்தால் உள்ளூர் நிர்வாகமான கவுன்சில் முன்கூட்டியே நடவடிக்கை எடுக்கலாம். "மற்ற நாளெல்லாம் ஒழுங்காக வருகிறாளே" என்ற வாதத்தையும் உச்ச நீதிமன்றம் 2017 ஏப்ரலில் தள்ளிவிட்டது. இங்கிலாந்தின் வைட் தீவைச் சேர்ந்த ஜான் பிளாட் என்ற தந்தை மகளை ஃபுளோரிடாவிலுள்ள டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போய், அபராதம் கட்ட மறுத்து வழக்காடினார். மகளின் வருகை 90 விழுக்காட்டுக்கு மேல். கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றும் கடைசியில் தோற்றார்.

இவை எல்லாவற்றையும்விட என்னைச் சங்கடப்படுத்துவது "காய்ச்சல்" என்று வரும் செய்தி. முதல் நாளே நாங்கள் தொலைபேசியில் அழைப்போம். வெளிநாட்டில் மணி அடிக்கும் ஒலி வேறு. அது காதில் விழுந்ததும் அலுவலகத்தில் யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை. அதற்கும் தப்பினால், திரும்பி வந்த ஆறு வயதுப் பிள்ளை அம்மம்மா வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி வகுப்பில் சொல்லிவிடும். சொல்லாதே என்று வீட்டில் மிரட்டியிருந்தால் பேந்தப் பேந்த விழிக்கும். ஒரு வாரம் ஊருக்குப் போனதால் பிள்ளையின் படிப்பு கெட்டுவிடும் என்று நான் நம்பவில்லை. பொய்யைச் சுமக்க வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அடுத்த முறை உண்மையாகவே காய்ச்சல் வந்தாலும் மருத்துவச் சான்று கேட்பார்கள்.

பயணத்துக்கு முன் எழுதிக் கேளுங்கள். 2013 முதல் தலைமையாசிரியர் விதிவிலக்கான சூழலில்தான் விடுப்பு தரலாம். எது விதிவிலக்கு, எத்தனை நாள் என்பது அவர் முடிவு. மலிவு டிக்கெட் அதில் சேராது. கல்யாணம் சில பள்ளிகளில் ஓரிரு நாளுக்குச் சேரும். இழவு வீட்டுக்குப் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். ஆனால் எட்டுச்செலவு, முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டி என்ற ஈமச் சடங்குகள் உங்கள் தலைமையாசிரியருக்கு எப்படித் தெரியும்? யார் இறந்தார், என்ன சடங்கு, பிள்ளை ஏன் உடன் வர வேண்டும் என்பதை இரண்டு வரியில் எழுதிக் கொடுங்கள். தீபாவளி போன்ற சமய நாளுக்கு விடுப்பு உண்டு, அந்த நாளுக்கு மட்டும்.

என் சொந்தக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த விதி, ஸ்பெயினில் ஒரு வாரம் வெயில் காயப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது போல இருக்கிறது. வவுனியாவில் தாய் படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு ஐந்து நாள் போய்வரவே போதாது. அந்த வேறுபாட்டைத் தலைமையாசிரியரின் மனப்போக்குக்கு விட்டிருப்பது சரியல்ல.

அபராதத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. அனுமதியின்றித் தொடர்ந்து இருபது பள்ளி நாள் வராமல், பள்ளியும் கவுன்சிலும் விசாரித்தும் பிள்ளை இருக்குமிடம் தெரியாவிட்டால் பெயரையே பதிவேட்டிலிருந்து நீக்கலாம். காத்திருப்போர் பட்டியல் நீண்ட பள்ளியில் அந்த இடம் திரும்பக் கிடைக்காது.

ரிசப்ஷன் என்னும் தொடக்க வகுப்பில் இருக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கு இந்த அபராதம் பொருந்தாது. ஐந்து வயது நிறைந்த பிறகு வரும் பள்ளிப் பருவத்திலிருந்துதான் கட்டாயக் கல்வி வயது. பெரிய பிள்ளைகள் இருந்தால், ஆசிரியர்களுக்கான பயிற்சி நாட்கள் எவை என்று பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். ஆண்டுக்கு ஐந்து நாள், பல பள்ளிகளில் விடுமுறையை ஒட்டியே வரும். அன்று பிள்ளைகள் வரத் தேவையில்லை. மற்றப் பள்ளிகள் திறந்திருப்பதால் சில வேளை டிக்கெட்டும் மலிவாகக் கிடைக்கும்.