மட்டாட்டு: மூன்று காசில் பிறந்த பெயர்

மட்டாட்டு: கென்யாவில், குறிப்பாகத் தலைநகர் நைரோபியில், தனியார் ஓட்டும் பயணிகள் வேன் அல்லது சிறிய பேருந்து. தடம் உண்டு, கால அட்டவணை கிடையாது. ஆள் நிறைந்ததும் கிளம்பும்.

முதலில் எழுத்துமுறை. ஆப்பிரிக்க நகரங்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இதை ‘மடாடு’, ‘மதாது’ என்றெல்லாம் எழுதிவிட வாய்ப்பு உண்டு. அப்படி எழுதினால் ஒலி மெலிந்துவிடும். மூலச் சொல்லில் இரண்டு இடத்திலும் வல்லொலிதான் வருகிறது. ஆகவே ஒற்று இரட்டித்து ‘மட்டாட்டு’ என்று எழுதுவதே பொருத்தம்.

இனிப் பிறப்பு. கென்யாவில் பேசப்படும் சுவாஹிலியிலும் கிக்குயு மொழியிலும் ‘டாட்டு’ என்றால் மூன்று. முன்னால் ஒட்டியிருக்கும் ‘ம’தான் இந்தச் சொல்லின் சுவையான பகுதி. இவை இரண்டும் சேர்ந்த பாண்டு மொழிக் குடும்பத்தில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்து நிற்கும். எந்த வகுப்புப் பெயரோடு வருகிறதோ அதற்கேற்ப எண்ணுப் பெயரும் முன்னொட்டு வாங்கிக்கொள்ளும். நமக்கு இது புதிதல்ல. பொருளென்றால் ‘மூன்று’, ஆளென்றால் ‘மூவர்’ என்கிறோமே, அதுபோலத்தான். யாரென்று சொல்லாமல் ‘மூவர் வந்தனர்’ என்றாலே வந்தது மனிதர்கள் என்று தெரிந்துவிடுகிறது. அதே மாதிரி, ‘மட்டாட்டு’ என்று எண் மட்டும் நின்றாலும், அதற்கு முன்னால் ‘ம’ வகுப்புப் பன்மைப் பெயர் ஒன்று இருந்து உதிர்ந்துபோயிருக்கிறது என்று இலக்கணமே காட்டிக்கொடுக்கிறது.

உதிர்ந்துபோன பெயர் காசு. கிக்குயு மொழியில் ‘மஙோட்டோரே மட்டாட்டு’ என்றால் பத்து சென்ட் காசு மூன்று, அதாவது முப்பது சென்ட். தொடக்க காலத்தில் இந்த வண்டிகளில் ஏற அதுதான் கட்டணம். காலனியாட்சிக் காலத்துக் கிழக்காப்பிரிக்கப் பத்து சென்ட் காசின் நடுவில் ஓட்டை இருக்கும், நம் ஓட்டைக் காலணா மாதிரி. நடத்துநர் கூவிய கட்டணமே நாளடைவில் வண்டியின் பெயராகிவிட்டது.

நைரோபியில் மட்டும் இப்படி நடந்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். கானாவின் தலைநகர் அக்ராவில் இதே வகை வண்டிக்கு ‘ட்ரோட்ரோ’ என்று பெயர். அங்குள்ள கா மொழியில் ‘ட்ரோ’ என்பது மூன்று பென்னிக் காசு. தான்சானியாவின் தாருஸ்ஸலாமில் ‘டாலாடாலா’ என்கிறார்கள். ஐந்து ஷில்லிங் நாணயத்தை மக்கள் பேச்சுவழக்கில் ‘டாலா’ என்று அழைத்தார்கள், டாலர் என்ற சொல்லின் திரிபு அது. மூன்று நகரங்கள், மூன்று மொழிகள், மூன்றிலும் கட்டணமே பெயர். இந்தப் பெயர்களை எந்த அலுவலகமும் வைக்கவில்லை, ஏறி உட்கார்ந்தவர்கள் வைத்தார்கள். காசை எண்ணி எண்ணிச் செலவழித்தவர்களுக்கு அந்த வண்டியைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய முதல் சேதி அதன் விலைதான்.

எல்லாப் பெயரும் காசில் பிறந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. நைஜீரியாவில் வாடகை மோட்டார் சைக்கிளுக்கு ‘ஒகாடா’ என்ற பெயர் ஒகாடா ஏர் என்ற விமான நிறுவனத்திலிருந்து வந்தது. உகாண்டா, கென்யாப் பக்கத்து ‘போடா போடா’, எல்லை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் மரூஉ. எல்லையோரத்தில் ஆளை ஏற்றி அக்கரை சேர்த்த சைக்கிள்களுக்கு வைத்த பெயர், பின்னால் மோட்டார் சைக்கிளுக்கும் வந்தது.

சரி, இந்த வண்டிகள் ஏன் முளைத்தன? அதைச் சொல்லாமல் சொல்லின் பொருள் முழுமையாகாது.

நைரோபி 1899இல் ரயில் பாதைக்கான முகாமாகத் தொடங்கிய ஊர். ஐரோப்பியர்கள் மேற்கிலும் வடக்கிலும் மேடான, குளிர்ந்த பகுதிகளில் குடியேறினார்கள். ஆப்பிரிக்கத் தொழிலாளர்களுக்குக் கிழக்குப் பக்கம் ஒதுக்கப்பட்டது, இன்றும் அந்தப் பகுதி ஈஸ்ட்லாண்ட்ஸ்தான். வேலை ஒரு பக்கம், வீடு மறுபக்கம் என்று நகரத்தை வகுத்தவர்கள், நடுவில் உள்ள தூரத்தை எளியவர்கள் எப்படிக் கடப்பார்கள் என்பதற்குப் போதிய வழி செய்யவில்லை. 1934இல் கென்யா பஸ் சர்வீஸ் என்ற நிறுவனம் பேருந்து ஓட்டத் தொடங்கியது. 1963இல் விடுதலை கிடைத்ததும் கிராமங்களிலிருந்து மக்கள் நகரத்துக்கு வந்து குவிந்தார்கள். 1969 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்தைச் சற்றே தாண்டியிருந்த மக்கள்தொகை, 2019இல் ஏறத்தாழ 44 லட்சம். ஊர் பெருத்த வேகத்துக்குப் பேருந்துகள் பெருகவில்லை. அந்த இடைவெளியில்தான் பழைய வேன்கள் திருட்டுத்தனமாக ஆளேற்றத் தொடங்கின. 1973இல் அதிபர் ஜோமோ கென்யாட்டா, தனி உரிமம் இல்லாமலே அவை ஆளேற்றலாம் என்று அனுமதித்தார். அப்புறம் அவற்றின் வளர்ச்சியைத் தடுக்க ஆளில்லை.

இங்கே ஒரு கலைச்சொல் சிக்கல் வருகிறது. இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதுதான். மட்டாட்டு போன்றவற்றைப் பொதுவாகக் குறிக்கத் தமிழில் ‘முறைசாராப் போக்குவரத்து’ என்று எழுதுகிறோம். படிப்பவர் மனதில் அது ‘முறையற்றது’ என்றே பதிகிறது. நைரோபி வண்டிகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இந்தச் சொல் எவ்வளவு தவறாக வழிகாட்டுகிறது என்று புரியும்.

மட்டாட்டுகளுக்குத் தட எண்கள் உண்டு. 46 என்றால் கவாங்வாரே, 58 என்றால் புருபுரு, 111 என்றால் ஙோங். பழைய பேருந்து நிறுவனத்தின் எண்களையே வண்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். நிறுத்தத்தை ‘ஸ்டேஜ்’ என்கிறார்கள், நம் ஊர் நடத்துநர்கள் கட்டணம் கணக்கிடச் சொல்லும் அதே சொல். ஓட்டுநரும் நடத்துநரும் உரிமையாளருக்குத் தினம் ஒரு குறித்த தொகை கட்ட வேண்டும். டீசல் செலவும் போக மிஞ்சுவதுதான் அவர்கள் கூலி. வேகமும் நெரிசலும், மழை வந்தால் ஏறும் கட்டணமும் இந்தக் கணக்கிலிருந்து வருகின்றன. ஓட்டுநரின் குணத்தைப் பழிப்பதைவிட அந்தத் தினக் கட்டுத்தொகையை மாற்றுவதற்கு வழி தேடுவது பயன்தரும் என்பது என் எண்ணம்.

2004இல் அமைச்சர் ஜான் மிச்சுகியின் விதிகள் நடைமுறைக்கு வந்தன. இருக்கைப் பட்டை, 80 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, வண்டியைச் சுற்றி மஞ்சள் பட்டை, பணியாளருக்குச் சீருடை எல்லாம் கட்டாயமாயின. பிறகு ஒவ்வொரு வண்டியும் ஒரு நிறுவனத்திலோ ‘சாக்கோ’ எனப்படும் சேமிப்பு, கடன் கூட்டுறவுச் சங்கத்திலோ சேர வேண்டும் என்றார்கள். 2014இல் நைரோபி பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் எம்ஐடி, கொலம்பியா பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரு வேலை செய்தன. மாணவர்கள் கைப்பேசியோடு வண்டி வண்டியாக ஏறி இறங்கி, 130க்கும் மேற்பட்ட தடங்களைப் பதிந்து, மெட்ரோ ரயில் வரைபடம் போல வண்ணக் கோடுகளில் வரைந்தார்கள். முறையே இல்லாத ஒன்றுக்கு இப்படி ஒரு வரைபடம் போட முடியுமா?

அந்த வரைபடத்தைப் பார்த்தால் கோடுகள் எல்லாம் நகர மையத்தில் வந்து முடிச்சிடுவது தெரியும். ஒரு புறநகரிலிருந்து இன்னொரு புறநகருக்குப் போகிறவரும் மையத்தில் இறங்கி வேறு வண்டி ஏற வேண்டியிருக்கிறது. மைய நெரிசலுக்கு இது முக்கியக் காரணம். ஆனால் 2018 டிசம்பர் 3 அன்று நகர ஆளுநர், மட்டாட்டுகள் மையப் பகுதிக்குள் வரவே கூடாது என்று தடை போட்டார். ஓரத்தில் இறக்கிவிடப்பட்ட மக்கள், முதியவர்களும் நோயாளிகளும் உட்பட, நெடுந்தூரம் நடந்தார்கள். எதிர்ப்பு வலுத்து விரைவிலேயே தடை நிறுத்திவைக்கப்பட்டது. வண்டியை ஒழுங்கற்ற தொல்லையாகப் பார்த்தவர்களுக்கு, அதனுள் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணில் படவில்லை. 2022இல் 27 கிலோமீட்டர் நீளச் சுங்க விரைவுச்சாலையைத் திறந்தார்கள். நைரோபியில் பத்துப் பயணத்தில் ஏறக்குறைய நான்கு கால்நடையாகவே நடக்கின்றன, மீதியில் பெரும்பங்கு மட்டாட்டுக்கு. விரைவுச்சாலையைவிட இவர்களுக்கு நடைபாதையும் நிழலுள்ள ஸ்டேஜும்தான் அவசரத் தேவை.

ஆகவே தமிழுக்கு வருவோம். ‘முறைசாரா’வைக் கைவிட்டு ‘அமைப்புசாராப் போக்குவரத்து’ என்று எழுதலாம். ‘அமைப்புசாராத் தொழிலாளர்’ என்ற தொடர் தமிழ்நாட்டில் ஏற்கெனவே அரசு வழக்கில் உள்ளது. அரசு அல்லது பெருநிறுவன அமைப்புக்குள் இல்லாதது என்று மட்டுமே அது சொல்கிறது, ஒழுங்கில்லை என்று தீர்ப்பு எழுதுவதில்லை. சாக்கோக்கள் வந்த பிறகு அதுவும் முழுக்கப் பொருந்தவில்லைதான். ஆனாலும் இருப்பதில் அதுவே நேர்மையான சொல்.

வண்டிக்கு? ‘சிற்றுந்து’ அளவை மட்டும் சொல்கிறது. சென்னையில் மாநகரப் போக்குவரத்துக் கழகமே சிற்றுந்து ஓட்டுவதால் குழப்பமும் வரும். ‘கூட்டு வண்டி’ என்றால் கூண்டு வண்டி நினைவுக்கு வந்துவிடும். பொருளில் மிக நெருங்கி வருவது நம் ‘ஷேர் ஆட்டோ’. ஆள் சேர்ந்தால் கிளம்பும், கை காட்டினால் நிற்கும், ஆளுக்கு ஒரு கட்டணம். அந்தச் சொல்லை விரித்துப் ‘பகிர்வுந்து’ என்று சொல்வதே என் பரிந்துரை. ட்ரோட்ரோ, டாலாடாலா, மட்டாட்டு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக அது நிற்கும். நைரோபியைப் பற்றிப் பேசும்போது மட்டாட்டை மட்டாட்டு என்றே சொல்லலாம். இட்லியை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

வழக்கில்:

‘காலையில் புருபுருவிலிருந்து 58ஆம் தட மட்டாட்டில் நகரத்துக்கு வந்தாள்.’

‘ஆப்பிரிக்கப் பெருநகரங்கள் பலவற்றில் மக்கள் பகிர்வுந்துகளையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள்.’

‘புதிய பேருந்துத் திட்டம் வகுக்கும்போது அமைப்புசாராப் போக்குவரத்துப் பணியாளர்களையும் கலந்து பேச வேண்டும் என்று சாக்கோக்கள் கோரின.’