ஆர்ட்டெமிசினின் என்றால் என்ன, தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மலேரியா மாத்திரை அட்டையில் ஆர்ட்டிமீதர், ஆர்ட்டிசுனேட் என்ற பெயர்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டுமே ஆர்ட்டெமிசினினில் இருந்து செய்தவை. அது ஆர்ட்டெமிசியா ஆனுவா என்ற செடியின் இலையிலிருந்து பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய ஒற்றை வேதிப்பொருள். ஆனுவா என்றால் ஓராண்டுச் செடி. ஆர்ட்டெமிசியா என்பது கிரேக்கத் தெய்வம் ஆர்ட்டெமிஸ் பெயரில் வந்தது என்பார்கள், அந்தப் பெயர் கொண்ட அரசி ஒருத்தியைச் சொல்வாரும் உண்டு.

சீனத்தில் இதன் பெயர் சிங்ஹாவ்சு. 'சிங்' பச்சை, 'ஹாவ்' இந்தச் செடி வகை, 'சு' சத்து. வைட்டமினுக்கான சீனச் சொல்லிலும் இதே 'சு' தான் வரும், நாம் உயிர்ச்சத்து என்கிறோமே, அதுபோல. இதில் ஒரு குழப்பம் என்னவென்றால், சீனத் தாவர நூல்களில் இந்த மருந்து தரும் செடிக்கு மஞ்சள்பூ ஹாவ் என்று பெயர். சிங்ஹாவ் என்று அவை சொல்லும் செடியில் இந்தச் சத்து இல்லை. மருந்துக்கடைக்காரர்களோ மஞ்சள்பூக்காரியைத்தான் சிங்ஹாவ் என்று விற்கிறார்கள்!

4-ஆம் நூற்றாண்டில் கெ ஹோங் என்ற மருத்துவர், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கு ஒரு கைப்பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, அந்தச் சாற்றைக் குடிக்கச் சொன்னார். 1967-இல் தொடங்கிய சீன அரசின் '523 திட்டத்தில்' மலேரியா மருந்து தேடிய தூ யூயூ இதைப் படித்தபோது, எல்லாக் கஷாயத்தையும் போலக் கொதிக்க வைக்காமல் ஏன் பிழியச் சொல்கிறார், சூடு பட்டால் மருந்து கெடுமோ என்று யோசித்து, 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈத்தரில் சாறு இறக்கினார். 1971-இல் அந்தச் சாறு எலிகளிடம் மலேரியாக் கிருமியை முழுதாக ஒழித்தது, அடுத்த ஆண்டு படிகமே கையில் கிடைத்தது, 2015-இல் நோபல் பரிசு.

வேலை செய்யும் விதம் இதுதான்: மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த பாலம் ஒன்று உண்டு. கிருமி நம் ரத்தச் சிவப்பணுவைத் தின்னும்போது வெளிப்படும் இரும்பு அந்தப் பாலத்தை உடைக்க, உடைந்த துண்டுகள் கிருமியின் புரதங்களையே தாக்குகின்றன. சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடுவதால் நீண்ட நேரம் நிற்கும் இன்னொரு மருந்தோடு சேர்த்தே தருகிறார்கள். தனியாகக் கொடுத்தால் கிருமி பழகிக்கொள்ளும் என்ற பயமும் இருக்கிறது, கம்போடியாவில் அந்த எதிர்ப்பு தலைகாட்டிவிட்டது. இலையைத் தேநீராகப் போட்டுக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை, அளவே தெரியாதே.

சரி, தமிழ்ச் சொல்? நம் மரிக்கொழுந்தும் மாசிபத்திரியும் இதே ஆர்ட்டெமிசியா இனம்தான், ஆனால் அவற்றைப் பறித்து மலேரியாவுக்குக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள், செடி வேறு. பெயரை மட்டும் கடன் வாங்கி 'சீனமாசிச்சத்து' என்று வைக்கலாம் என்பது என் கட்சி. 'சாரம்' வேண்டாம், அது பல பொருள் கலந்த சாற்றுக்கும் போகும். பாடநூலுக்கு இந்தச் சொல் போதும், மருந்துச் சீட்டில் மட்டும் ஆர்ட்டிமீதர், ஆர்ட்டிசுனேட் என்றே இருக்கட்டும், ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது.