அப்பாவின் பயம் எத்தனை மில்லிமீட்டர்?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வீட்ல அவளுக்கு ஏழு மாசம், வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அவ தைரியமாத்தான் இருக்கா, எனக்குத்தான் போட்ல படுத்தா தூக்கம் வரல. ஆம்பளைங்களோட இந்தப் பயத்தையெல்லாம் யாராவது அளந்து பார்ப்பாங்களா?"

பார்க்கிறார்கள். 1998-இல் ஸ்வீடனில் வெளியான வைமா கேள்வித்தாளில் 33 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 165. 85-ஐத் தொட்டால் கடுமையான பிரசவ பயம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் அது பிள்ளை பெறப்போகிறவளுக்காக எழுதப்பட்டது. வலி கணவனுக்கு இல்லை. அவளுக்கும் பிள்ளைக்கும் ஏதாவது ஆகிவிடுமோ, நாம் கையைப் பிசைந்துகொண்டு நிற்கப்போகிறோமோ என்பதுதான் அவன் பயம். பிறகு ஈரானில் அப்பாக்களுக்கென்றே ஓர் அளவுகோல் செய்தார்கள், அதில் பிரசவத்தைப் பற்றிய பயமும் ஆஸ்பத்திரியைப் பற்றிய பயமும் தனித்தனியாகப் பிரிந்து வந்தன.

சரி, எனக்குப் பிடித்தது இதைவிட எளிமையானது. காகிதத்தில் 10 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு கோடுகள். வரப்போகும் பிரசவத்தை நினைத்தால் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். முதல் கோட்டின் ஒரு முனையில் 'நிம்மதி', மறுமுனையில் 'கவலை'. இரண்டாவதில் 'பயமே இல்லை', 'கடும் பயம்'. நடுவில் எண்ணும் இல்லை, சின்னக் கோடும் இல்லை. பேனாவால் ஒரு குறி வைத்தால் போதும், அதை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து இரண்டுக்கும் சராசரி எடுப்பார்கள். எண் இருந்தால் ஆம்பளை கௌரவத்துக்கு 2 என்று வட்டம் போட்டுவிடுவான், அடுத்த மாதம் கேட்டாலும் அதே 2-ஐ ஞாபகமாகச் சொல்லுவான். வெறுங்கோட்டில் போன தடவை எங்கே குறி வைத்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? கோடு போட்டு அளக்கும் முறையே 1921-இல் தொழிலாளர்களுக்கு மேலாளர்கள் மதிப்பெண் போட வந்தது என்பது இன்னொரு வேடிக்கை. ஒரு தொல்லையும் உண்டு: ஜெராக்ஸ் எடுத்தால் கோடு கொஞ்சம் நீளும் அல்லது சுருங்கும், அதனால் கவனமானவர்கள் ஒவ்வொரு தாளிலும் கோட்டையே முதலில் அளந்துவிடுவார்கள். எங்கே தாண்டினால் பயம் என்பதிலும் ஒரே பேச்சு இல்லை. 50, 54, 60 என்று ஆய்வுக்கு ஆய்வு மாறுகிறது.

ஸ்வீடனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அப்பாக்களிடம் கேட்டதில் 100-க்கு 13, 14 பேருக்குப் பயம் இருந்தது. அவர்கள் மனைவியின் ஸ்கேனுக்குக் கூட வந்தவர்கள். நம் கரையில் தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டில், கணவன் பாம்பனிலோ மண்டபத்திலோ கடலில், கீழக்கரைக்காரர் என்றால் துபாயில். பயத்தை அளப்பதற்கு முன் ஆளைப் பிடிக்க வேண்டுமே!

போதாக்குறைக்கு, மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் கடலில் குளிக்கக்கூடாது, முடி வெட்டக்கூடாது என்று பெரியவர்கள் வேறு. கடல்தான் சோறு என்பவனிடம் போய் இதைச் சொன்னால், இருக்கிற பயத்தோடு குற்ற உணர்வையும் சேர்த்து ஏற்றிவிடுகிறோம், அவ்வளவுதான்.

நம் கரை அப்பாக்களின் பயத்தை இந்தக் கோடுகளால் அளப்பது கோடிகள் கேட்கும் ஆராய்ச்சி இல்லை. தாள், பேனா, ஸ்கேல், ஊர் ஊராகப் போக ஒரு ஆளுக்குச் சம்பளம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள், அப்போது கேட்பது சுலபம். ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வைக்கும் குறியும், போன் சிக்னல் கிடைக்காத நடுக்கடலில் வைக்கும் குறியும் ஒரே இடத்தில் விழாது. அதனால் தடை முடிந்த பிறகும் ஒருமுறை கேட்டாக வேண்டும்.