எக்ஸ்ட்ராபொலேஷன்: கோட்டை நீட்டிக் கணிப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் இந்த வகைக் கேள்வியைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். வரைபடத்தில் அளவீடுகள் 40 வரை மட்டும் இருக்கும். கேள்வியோ 50இல் என்ன ஆகும் என்று கேட்கும். விடை படத்துக்குள் இல்லை. இருக்கும் கோட்டை, அது போகிற வாக்கிலேயே நீட்டித்தான் எடுக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் எக்ஸ்ட்ராபொலேஷன் என்று பெயர். நீட்டப்படும் கோடு ட்ரெண்ட்லைன்.

எக்ஸ்ட்ராபொலேஷன் தனியாகப் பிறந்த சொல் அல்ல. அதற்கு மூத்தது இன்டர்பொலேஷன். லத்தீனில் ‘இன்டர்பொலாரே’ என்றால் பழையதை மெருகிட்டுப் புதிதுபோல் ஆக்குவது. அப்புறம் அது, பழைய ஏட்டில் பிறர் வரிகளை நடுவே நுழைத்து மூலத்தைத் திரிப்பதையும் குறித்தது. ஆங்கிலேயக் கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1656இல் வந்த தம் நூலில் அதைக் கணிதத்துக்குக் கொண்டுவந்தார். தெரிந்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே தெரியாத ஒன்றைக் கண்டுபிடித்து வைப்பது என்பது அங்கே அதன் பொருள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ‘நடுவே’ என்று பொருள்படும் ‘இன்டர்’ முன்னொட்டை எடுத்துவிட்டு, ‘வெளியே’ என்று பொருள்படும் ‘எக்ஸ்ட்ரா’வை ஒட்டினார்கள். அப்படிப் பிறந்ததுதான் எக்ஸ்ட்ராபொலேஷன். ‘எக்ஸ்ட்ராபொலாரே’ என்று பழைய லத்தீனில் எதுவும் கிடையாது.

தமிழிலும் இதே பயணம் நடந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கம்பராமாயணப் பதிப்புகளில் மிகைப்பாடல்கள் என்று தனியாக ஒதுக்கி வைத்திருப்பார்கள். கம்பர் பாடியவையல்ல, பிற்காலத்தில் யாரோ நுழைத்தவை என்று பதிப்பாசிரியர்கள் கருதியவை அவை. அத்தகைய நுழைப்புக்குப் புலவர்கள் வைத்த பெயர் இடைச்செருகல். அதே சொல்லைத்தான் தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதப் பாடநூல் இன்டர்பொலேஷனுக்கு எடுத்துக்கொண்டது. அதற்கு இணையாக எக்ஸ்ட்ராபொலேஷன் புறச்செருகல் ஆனது.

ட்ரெண்ட் என்ற சொல்லின் கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் அது சுழல்வதையும் திரும்புவதையும் குறித்த வினை. பிறகு கடற்கரையோ ஆறோ மலைத்தொடரோ எந்தத் திசையில் வளைந்து போகிறது என்று சொல்லப் பயன்பட்டது. காலப்போக்கில் பாதை மாறுவதைக் குறிக்கும் இன்றைய பொருள் அதிலிருந்து விரிந்தது. தமிழில் ‘போக்கு’ இதற்கு அளவெடுத்துத் தைத்த சொல். ஆற்றின் போக்கு, காற்றின் போக்கு, விலைவாசியின் போக்கு என்று மூன்றையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். ஆகவே ட்ரெண்ட்லைன் என்பது போக்குக்கோடு. இதற்கு மேல் தேட வேண்டியதில்லை.

சரி, கோட்டை எப்படி நீட்டுவது? ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். தரையிலிருந்து மேலே போகப் போகக் காற்று குளிர்ந்துகொண்டே போகும். விமானத்துறையில் உலகெங்கும் ஏற்றுக்கொண்ட சராசரிக் கணக்குப்படி கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறையும். 1 கி.மீ. உயரத்தில் 8.5, இரண்டில் 2, மூன்றில் −4.5, நான்கில் −11. வரைபடம் இங்கே முடிகிறது. கேள்வி 6 கி.மீ. உயரத்துக்கு. நான்கிலிருந்து ஆறுக்கு இரண்டு படி, ஒவ்வொன்றும் 6.5, ஆக 13 டிகிரி இறங்க வேண்டும். விடை −24.

இவ்வளவு எளிதான கணக்கில் எங்கே மதிப்பெண் போகிறது? பெரும்பாலும் புள்ளியையும் கோட்டையும் குழப்பிக்கொள்வதில்தான். தேர்வில் வருவது பெரும்பாலும் சிதறல் வரைபடம். அளவிட்ட புள்ளிகள் கோட்டுக்கு மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கும். கோடு அவற்றுக்கு நடுவே பொருத்தமாகப் போகும். மேற்சொன்ன படத்தில், 3 கி.மீ. உயரத்தில் அளவிட்ட புள்ளி −3 என்ற இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோடு அங்கே −4.5இல் போகிறது. ஒருவர் கோட்டின் மேலிருக்கும் 2 கி.மீ. இடத்தையும் இந்தத் தனிப்புள்ளியையும் சேர்த்துச் சாய்வு எடுத்தால், கிலோமீட்டருக்கு 5 டிகிரிதான் குறைவதாக வரும். அதை வைத்து ஆறுக்குப் போனால் −18 கிடைக்கும். மூன்றில் ஒன்றரை டிகிரியாக இருந்த பிழை ஆறில் ஆறு டிகிரியாகப் பெருகிவிட்டது. தூரமாக நீட்ட நீட்டச் சிறு பிழையும் இப்படித்தான் வளரும். அதனால் சாய்வு எடுக்கும் இரண்டு இடங்களும் கோட்டின் மேலேயே இருக்க வேண்டும். அவை கட்டக்கோடுகள் வெட்டும் இடங்களாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும் இருந்தால் இன்னும் நல்லது. அச்சில் ஒரு கட்டத்துக்கு எவ்வளவு மதிப்பு, அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்குகிறதா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஏ.சி.டி. அறிவியல் பகுதியில் வேலை இன்னும் குறைவு. அங்கே விடைகள் பெரும்பாலும் எல்லைகளாகத்தான் இருக்கும்: இவ்வளவுக்குக் குறைவு, இதற்கும் அதற்கும் இடையே, அதற்கு மேல் என்று. கோடு ஏறுகிறதா இறங்குகிறதா, கடைசி அளவைத் தாண்டியதும் எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்தாலே பல கேள்விகளுக்கு விடை வந்துவிடும். தசமத்தில் கணக்குப் போட்டு நேரத்தைச் செலவிடுவது வீண். ஆனால் கோடு வளைந்து தட்டையாகிக்கொண்டு வந்தால் அந்த வளைவோடுதான் போக வேண்டும். அங்கே நேராக நீட்டினால் தவறு.

வெப்பநிலைப் படத்துக்குத் திரும்புவோம். அதே கோட்டை 15 கி.மீ. வரை இழுத்தால் −82.5 டிகிரி வரும். ஆனால் அந்தச் சராசரிக் கணக்கே 15 கி.மீ. உயரத்துக்கு −56.5 என்றுதான் சொல்கிறது. 11 கி.மீ. உயரத்தோடு வளிமண்டலத்தின் கீழடுக்கு முடிகிறது. அதற்கு மேல் 20 கி.மீ. வரை வெப்பநிலை மாறாமல் நிற்பதாகத்தான் அந்தக் கணக்கு. கீழே எடுத்த அளவுகளில் இதற்கு ஒரு குறிப்பும் இல்லை. இடைச்செருகலுக்கு இரண்டு பக்கமும் காவல் உண்டு. புறச்செருகலுக்கு ஒரு பக்கம் திறந்தே கிடக்கிறது.

2004இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஒரு கட்டுரை, ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தில் ஆண்கள், பெண்கள் வெற்றி நேரங்களுக்கு இரண்டு நேர்கோடுகள் போட்டு நீட்டியது. 2156இல் பெண்கள் ஆண்களை முந்துவார்கள் என்று கணக்கு வந்தது. அதே கோடுகளை இன்னும் சில நூற்றாண்டு நீட்டினால் ஓட்ட நேரம் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும் என்று வாசகர்கள் உடனே சுட்டிக்காட்டினார்கள். அதற்காக நீட்டுவதே தவறு என்று ஆகிவிடாது. அழுத்தம் மாறாமல் வாயுவைச் சூடாக்கி அதன் பருமனை அளந்து கோடு போட்டு, இடப்பக்கமாகப் பின்னோக்கி நீட்டினால், −273 டிகிரியை ஒட்டிப் பருமன் பூஜ்யத்தைத் தொடுகிறது. எந்த வாயுவை எடுத்தாலும் ஏறத்தாழ அதே இடம். உண்மையில் வாயு அதற்கு முன்பே திரவமாகிவிடும். ஆனாலும் கோடு காட்டிய இடம் உண்மையானது. கெல்வின் அளவுகோலின் பூஜ்யம் அங்கேதான் இருக்கிறது, −273.15இல்.

இந்தப் பின்னோக்கிய நீட்டலை மனதில் வைத்துத்தான் தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பேன். முன்கணிப்பு, எதிர்வுகூறல் என்று சிலர் எழுதுகிறார்கள். இரண்டும் வருங்காலத்தைச் சொல்பவை. வெப்பநிலை அச்சில் இடப்பக்கம் போவதற்கு அவை பொருந்தா. ‘ஊகம்’ போதாது, இங்கே சாய்வு இருக்கிறது, கணக்கு இருக்கிறது. ‘புறம்’, ‘கணிப்பு’ இரண்டையும் சேர்த்தால் புறக்கணிப்பு ஆகிவிடும். அது வேறு வேலைக்கு எப்போதோ போய்விட்ட சொல்.

புறச்செருகல் பாடநூலில் நிலைத்துவிட்டது. இடைச்செருகலுக்கு இணையாக நிற்பதால் தேர்வுத்தாளில் தாராளமாக எழுதலாம். ஆனால் செருகுவதென்றால் இரண்டு பொருள்களுக்கு நடுவே இடுக்கு வேண்டும். வெளியே போகும்போது அந்த இடுக்கு இல்லை. அதனால் வகுப்பில் விளக்கும்போதும் கட்டுரை எழுதும்போதும் ‘நீட்டிக் கணித்தல்’ என்பதே என் தேர்வு. கேட்டவுடன் என்ன செய்ய வேண்டும் என்று மாணவருக்குத் தெரிந்துவிடும். வினையாகவும் இயல்பாக வரும்: ‘போக்குக்கோட்டை 6 கி.மீ. வரை நீட்டிக் கணித்தால் −24.’ ‘அளவீடு 4 கி.மீ. வரைதான் உள்ளது, இது நீட்டிக் கணித்த மதிப்பு.’ தேர்வுகளில் அடிக்கடி வரும் அந்த நிபந்தனைத் தொடரையும் இதோடு சேர்த்து எழுதலாம்: ‘இதே போக்கு தொடர்வதாகக் கொண்டு, 6 கி.மீ. உயரத்தில் வெப்பநிலையை நீட்டிக் கணிக்க.’