சதுப்பு ராக்: பாறையும் வேண்டாம், சேறும் வேண்டாம்

‘சதுப்புநிலப் பாறை இசைக்குழு’ என்று மறுபடியும் ஒரு கட்டுரையில் படித்தேன். கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்னும் அமெரிக்கக் குழுவின் வரலாற்றைச் சொல்ல வந்தவர், சுவாம்ப் ராக் என்னும் இசை வகையின் பெயரை இப்படிப் பெயர்த்திருக்கிறார். இசைக்கும் பாறைக்கும் என்ன உறவு என்று ஒரு கணம் யோசித்திருந்தாலே அந்தச் சொல் அச்சேறியிருக்காது.

ஆங்கிலத்தில் ராக் என்று ஒலிக்கும் சொற்கள் இரண்டு. ஒன்று கல்; பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. மற்றது அசை, ஆடு, தொட்டிலை ஆட்டு என்னும் பொருளுள்ள வினை. பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. ‘ராக் அண்ட் ரோல்’ பிறந்தது இரண்டாவதிலிருந்து. கறுப்பின மக்களின் வழிபாட்டுப் பாடலிலும் நடனக் கூடத்திலும் புழங்கிய அச்சொல்லை, 1950களில் ஆலன் ஃப்ரீட் போன்ற வானொலி அறிவிப்பாளர்கள் இசை வகையின் பெயராகப் பரப்பினார்கள். சுவாம்ப் என்பது சதுப்பு நிலம். வேர்ப்பொருள் இவ்வளவுதான்.

பாறையைத் தள்ளுவது எளிது. தனித்தமிழ் ஆர்வலர் சிலர் முன்வைக்கும் ‘சேற்றிசை’யைத் தள்ளுவதுதான் கடினம். சுருக்கமாக இருக்கிறது, காதுக்கும் இனிக்கிறது. ஆனால் பொருள் பிசகுகிறது. தமிழில் சேறு என்றவுடன் வயல் நினைவுக்கு வரும். உழவும் நடவும் வரும். சேற்றில் கால் வைத்தால்தான் சோற்றில் கை வைக்க முடியும் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இந்த இசைப் பெயர் நினைவூட்டும், தென் அமெரிக்க ஐக்கிய மாநிலமான லூசியானாவின் சதுப்பு அதுவல்ல. அது தேங்கிய நீரில் சைப்ரஸ் மரங்கள் நிற்கும் காடு. கிளைகளிலிருந்து சாம்பல் நிறப் பாசி தொங்கும், நீருக்கடியில் முதலை கிடக்கும். யாரும் உழாத நிலம் அது. பள்ளிக்கரணையைச் சேற்றுநிலம் என்று நாம் எழுதுவதில்லை. சதுப்புநிலம் என்றே எழுதுகிறோம். பொருத்தமான சொல் கையிலிருக்க, அதை விட்டு வேறொன்றைத் தேடுவது எதற்கு?

‘சேற்றிசை’யில் இன்னொரு குறையும் உண்டு. எல்லாவற்றையும் ‘இசை’ என்று முடித்துவிட்டால் வகைகளைப் பிரித்துச் சொல்ல வழியிருக்காது. அதே லூசியானாவில் சுவாம்ப் புளூஸ் இருக்கிறது. குரௌலி ஊரின் சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தில் ஜே. டி. மில்லர் பதிவு செய்த ஸ்லிம் ஹார்ப்போவின் பாடல்கள் அந்த வகை. சுவாம்ப் பாப் வேறு. தென் லூசியானாவின் கேஜுன், கிரியோல் சமூகங்களைச் சேர்ந்த இளைஞர்கள் பாடிய காதல் பாடல்கள் அவை. மூன்றையும் சேற்றிசை என்றால் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்? சதுப்பு புளூஸ், சதுப்பு பாப், சதுப்பு ராக் என்றால் குழப்பமே இல்லை. ராக்குக்குப் பதில் ‘துள்ளிசை’ என்று சொல்லலாமே என்பார்கள். அது இலங்கையில் பொப் பாடலுக்கு ஏற்கெனவே வழங்கிய பெயர். தவிர, துள்ளுவது வேறு, அசைந்தாடுவது வேறு.

‘சதுப்புநில இசை’ என்பதும் எனக்கு ஏற்பில்லை. அந்நிலத்தில் வாழ்கிறவர்களின் இசை என்று அது பொருள்படும். பாடகர் டோனி ஜோ வைட்டுக்கு அது பொருந்தும், அவர் லூசியானாக்காரர். ஆனால் இந்த வகையின் பெயரை உலகறியச் செய்த கிரீடென்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் எங்கே உருவானது? கலிபோர்னியாவின் எல் செரிட்டோ என்னும் சிறு நகரில். ஸ்பானிய மொழியில் அதற்குச் சிறு குன்று என்று பொருள். 1959-இல் ஜான் ஃபோகர்ட்டி, ஸ்டூ குக், டக் கிளிஃபர்ட் என்னும் பள்ளித்தோழர் மூவர் தொடங்கிய குழுவில் ஜானின் அண்ணன் டாமும் சேர்ந்தார். ‘ப்ளூ வெல்வெட்ஸ்’ என்றும் பிறகு ‘கோலிவாக்ஸ்’ என்றும் இருந்த பெயர் 1968-க்குள் மாறியது. அவர்களுக்கு முதலில் பேர் வாங்கித் தந்த ‘சூசி கியூ’ லூசியானாக்காரர் டேல் ஹாக்கின்ஸின் 1957-ஆம் ஆண்டுப் பாட்டு. 1969-இல் மட்டும் மூன்று ஆல்பங்கள் வெளிவந்தன. அவ்வாண்டின் ‘பார்ன் ஆன் தி பாயூ’வைக் கேளுங்கள். கிட்டார் ஒரே கார்டை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஒரே சுரக்கூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஒலிபெருக்கியின் ட்ரெமலோ அந்த ஒலியை ஏற்றியும் இறக்கியும் நடுங்க வைக்கும், டிரம் அவசரப்படாது. நீரும் புழுக்கமும் அந்த ஒலியிலேயே இருக்கின்றன. பாயூ என்னும் ஓடைக்கரையில் பிறந்ததாகப் பாடிய ஜான் லூசியானாவில் வாழ்ந்தவரே அல்லர். ஆகவே இங்கே சதுப்பு என்பது ஊர்ப்பெயர் அல்ல, ஒலியின் குணம். ‘நிலம்’ ஒட்டாமல் ‘சதுப்பு ராக்’ என்று எழுதச் சொல்வது இதனால்தான்.

மொழிபெயர்ப்பாளர்கள்மேல் எனக்குள்ள வருத்தமும் இதுதான். அகராதியைத் திறக்கிறார்கள், பாட்டைத் திறப்பதில்லை. ஐந்து நிமிடம் கேட்டிருந்தால் பாறை விழுந்திருக்காது. அதே கட்டுரையில் பாயூவை ‘ஏரி’ என்று எழுதியிருந்தார்கள். அமெரிக்காவின் சோக்டா பழங்குடியினரின் அந்தச் சொல் லூசியானா பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மெல்ல நகரும் கிளை நீரோடையைக் குறிப்பது. நெய்தல் பாட்டுகளில் வரும் ‘கழி’ ஓரளவு நெருங்கும். ஆனால் கழி உப்பங்கழி. பாயூவில் பெரும்பாலும் நன்னீர். பாயூ என்றே எழுதி, முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் தந்தால் போதும்.

இந்தக் குழுவைச் ‘சுயேச்சைக் குழு’ என்றும் அதில் எழுதியிருந்தார்கள். சுயேச்சை என்றால் நமக்குத் தேர்தல் வேட்பாளர்தான் நினைவுக்கு வருவார். இன்று, பெரிய நிறுவனங்களைச் சாராத இண்டி இசைக்குச் ‘சுயாதீன இசை’ என்ற சொல் நன்றாக ஊன்றிவிட்டது, அதையே எழுதலாம். ஆனால் 1960களின் குழுவுக்கு அதுவும் அளவுக்கு மீறிய சட்டை. அவர்கள் ஃபேன்டசி என்னும் சிறிய ஜாஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தத்தில் இருந்தார்கள். 1972-இல் குழு கலைந்த பிறகும் ஜானுக்கும் அந்நிறுவனத்துக்கும் வழக்கு மூண்டு, 1994-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ‘சிறு நிறுவனம் வெளியிட்ட எல் செரிட்டோ சதுப்பு ராக் குழு’ என்று எழுதினால் நடந்தது நடந்தபடி இருக்கும்.