மாஞ்சோலை மேல தேயிலை மரமாகி நிக்குது

தேயிலை மரம் பாத்திருக்கீங்களா? செடி இல்ல, மரம். திருநெல்வேலிப் பக்கம் மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி பஸ்ஸு வளைஞ்சு வளைஞ்சு மாஞ்சோலைக்கு ஏறுதுல்லா, அந்தப் பக்கம் கைவிட்டுப்போன ஒரு துண்டு தோட்டத்துல பாத்தேன், மாடிவீட்டு உயரம். காட்டு மரம்னுதான் நினைச்சேன். கூட வந்த அண்ணாச்சி "இடுப்பு உயரத்துல பாருடே"ன்னாரு. அந்த மட்டத்துல எல்லாமே முட்டு முட்டா வீங்கி, அதுக்கு மேல ஏழெட்டு கொம்பாப் பிரிஞ்சு போகுது. கவாத்துத் தழும்பு. நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்க வெட்டுறதாலதான் தேயிலை செடியா இருக்கு, விட்டா முப்பதடி கூட போகும்.

களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்னா கைபடாத காடுன்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு. 1988ல ரெண்டு சரணாலயத்தையும் சேத்து காப்பகம் ஆக்கினாங்க, இப்போ அதோட மையப் பகுதி மட்டும் கிட்டத்தட்ட 895 சதுர கிலோமீட்டர். ஆனா அதுக்கு நடுவுலயே சிங்கம்பட்டி ஜமீன் 1929ல பம்பாய் பர்மா கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்ட எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் கெடக்கு, அதுலதான் மாஞ்சோலைத் தோட்டம் இருக்கு. குத்தகை 2028ல முடியுது, தோட்ட வேலை 2024லயே நின்னுட்டு. (அங்க தலைமுறை தலைமுறையா இருந்த ஜனங்க கதை பெருசு, அதை இதுக்குள்ள ரெண்டு வரில சொன்னா தப்பாப் போயிரும்.)

இப்போ எல்லாரும் சொல்லுதாங்க, "அப்படியே விட்ருங்க, தானா காடாயிரும்"னு. ஆகும், ஆனா என்ன விவசாயம் நடந்துச்சுங்கிறதப் பொறுத்துதான்.

இந்த மலையில வாழுற பழங்குடி காணிக்காரங்க முன்னாடி புனம் வெட்டித் தீவச்சு மரச்சீனியும் தினையும் போட்டாங்கல்லா, அது சின்னத் துண்டு, ரெண்டு மூணு வருஷத்துல அடுத்த இடத்துக்குப் போயிருவாங்க, சுத்தி நாலு பக்கமும் தாய்மரம் நிக்கும், வெதை வந்து விழுந்துக்கிட்டே இருக்கும், முதல்ல வட்டக்கண்ணி மாதிரி வெயில் விரும்பி மரம் வரும், அதோட நிழல்ல மத்தது வரும். ஏலக்காய் போட்ட காடு வேற மாதிரி. ஏலத்துக்கு நிழல் வேணும், அதனால பெரிய மரத்த விட்டுட்டு கீழ உள்ள கன்னு, புதர் எல்லாத்தையும் சுத்தம் பண்ணிருவாங்க. தூரத்துல நின்னு பாத்தா அருமையான காடு, உள்ள போனா கெழவன் மரம் மட்டும் இருக்கும், நடுவயசு மரமே இருக்காது. ஆனா களையெடுக்கிறத நிப்பாட்டினா கன்னு எந்திரிச்சு வந்துரும், ஏன்னா வெதை போட மேல ஆளு இருக்கு.

தேயிலைதான் வம்பு. அம்பது அறுபது வருஷம் களை எடுத்து, மருந்தடிச்சு, மண்ணுக்குள்ள தூங்குற வெதையெல்லாம் காலி. உரத்துல போற அம்மோனியா மண்ணப் புளிக்க வைக்கும், தேயிலை வேற அலுமினியத்த உறிஞ்சி இலையில சேத்து வச்சு, அந்த இலை உதிர்ந்து திரும்ப மண்ணுக்கே வருது. கவாத்து நின்னதும் செடியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு தலைய முட்டி கூரை போட்ட மாதிரி ஆயிருது, தரையில வெளிச்சமே விழாது.

சரி, வெதை வெளிய இருந்து வரட்டும்னு பாத்தா, அதுக்குத் தூக்கிட்டு வர ஆள் வேணும். நாவல் மாதிரி பழத்த வௌவாலும் மரநாயும் கொண்டு வரும், கருங்குங்கிலிய மரத்துப் பழத்த இருவாச்சிப் பறவை முழுங்கிக் கொண்டு வரும். ஆனா பழந்தின்னி பறவை பழம் இருக்கிற மரத்துக்குத்தான் வரும். தோட்டத்துல நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம், அதோட வெதை காத்துல பறக்கும், திங்க சதைப்பழம் ஒண்ணும் கெடயாது, பறவைக்கு அங்க என்ன சோலி? வெடிப்பலான்னு ஒரு காட்டு மரம், அதுக்கு இன்னும் கஷ்டம். வெதை பெருசு, பெரும்பாலும் தாய்மரத்தடியிலேயே விழும், வருஷக்கணக்கா மண்ணுல காத்துக்கிட்டும் கெடக்காது. சிங்கவால் குரங்குக்கு முக்கியமான சாப்பாடே அந்த மரம்தான், அந்தக் குரங்கு பெரும்பாலும் கொப்பு விட்டு கொப்பு தாவியே வாழ்றது, தேயிலை வெட்டவெளியக் கடக்க யோசிக்கும்.

வால்பாறைப் பக்கம் சீரழிஞ்சு போன காட்டுத் துண்டுகள்ல களைய எடுத்துட்டு நாட்டு மரக்கன்னு நட்டு வளத்துட்டு வாராங்க. இங்கயும் மொத்தமா தேயிலையப் பிடுங்கினா மண்ணு மழையில கரைஞ்சு மணிமுத்தாறு அணைக்குள்ள போயிரும், அதனால அங்கங்க வெட்டி வெளிச்சம் விட்டு நடுறதுதான் சரின்னு எனக்குத் தோணுது.

அன்னைக்கு கெளம்புறதுக்கு முன்னாடி அந்த மரத்தடியில குனிஞ்சு சருக விலக்கிப் பாத்தேன். சின்னச் சின்னக் கன்னு ஏகப்பட்டது மொளச்சிருந்துச்சு, எனக்கு ஒரே சந்தோஷம், காடு வந்துட்டுன்னு. அண்ணாச்சி ஒரு இலையப் பிச்சு, ஓரத்துல இருந்த பல்லத் தடவிக் காமிச்சாரு. அத்தனையும் தேயிலைக்கன்னு.