டாட் மேட்ரிக்ஸ் எழுத்துரு: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

ரயில் வரும் நேரத்தைக் காட்டும் மின்பலகையையோ பழைய பிரின்டர் அடித்துத் தந்த ரசீதையோ கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தில் கோடு என்று ஒன்றுமே இருக்காது. இடைவெளி விட்டு நிற்கும் வட்டப் புள்ளிகள்தாம் இருக்கும். தள்ளி நின்று பார்க்கும்போது கண் அவற்றைக் கோடாகக் கோத்துக்கொள்கிறது. இந்த வகை எழுத்துக்கு டாட் மேட்ரிக்ஸ் ஃபான்ட் என்று பெயர். அன்று கருவியின் வரம்பால் பிறந்த வடிவம் இது. இன்று பழைய டிஜிட்டல் காலத்தின் சாயல் வேண்டுமென்றே வடிவமைப்பாளர்கள் இதை வரைகிறார்கள்.

டாட் என்றால் புள்ளி, அதில் சிக்கல் இல்லை. மேட்ரிக்ஸ்தான் நீண்ட கதை. லத்தீனில் மாத்தெர் என்றால் தாய். அதிலிருந்து வந்த மாத்ரிக்ஸ் முதலில் ஈனும் விலங்கையும் பின்னர் கருப்பையையும் குறித்தது. அச்செழுத்து வார்த்தவர்கள், உருக்கிய உலோகத்தை ஊற்றி எழுத்தைப் பிறப்பிக்கும் குழிவான அச்சுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். 1850-இல் கணித அறிஞர் சில்வெஸ்டர், நிரையும் நிரலுமாக அடுக்கிய எண்களை மேட்ரிக்ஸ் என்றார். அதிலிருந்து அணிக்கோவைகள் (டிடர்மினன்ட்) பிறக்கின்றன என்பது அவர் சொன்ன காரணம். ஃபான்ட் என்பதும் பட்டறைச் சொல்தான்: வார்ப்பு என்னும் பொருளுள்ள ஃபோன்த் என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது.

ஆக மேட்ரிக்ஸுக்கு அச்சுத் தொழிலில் ஒரு பொருள், கணிதத்தில் வேறு பொருள். டாட் மேட்ரிக்ஸில் இருப்பது கணிதப் பொருள். இதைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டால் தமிழ்ச்சொல் தானே கிடைக்கும். தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூல்கள் மேட்ரிக்ஸை அணி என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் தாயம். தாயம் என்றதும் உருட்டும் காயோ பங்காளி உரிமையோதான் பலருக்கு நினைவில் வரும். அணிவகுப்பு, அணி அணியாக என்று நாம் நாளும் சொல்வதால், வரிசையில் நிற்கும் புள்ளிகளுக்கு அணி இயல்பாகவே பொருந்துகிறது. எழுத்துரு ஏற்கெனவே நிலைத்த சொல். எனவே புள்ளியணி எழுத்துரு.

சிலர் சுருக்கமாகப் புள்ளி எழுத்து என்று எழுதுகிறார்கள். எனக்கு அது உறுத்துகிறது. தமிழில் புள்ளி எழுத்து என்றால் மெய்யெழுத்து. ‘மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்’ என்கிறது தொல்காப்பியம். மெய்யீற்றுச் சொற்களின் புணர்ச்சியைச் சொல்லும் இயலுக்கே புள்ளி மயங்கியல் என்றுதான் பெயர். அவ்வளவு பழைய கலைச்சொல்லை இன்னொன்றுக்கு எடுத்துக் கொடுக்கக் கூடாது. பிரெய்லையும் சிலர் புள்ளி எழுத்து என்கிறார்கள் என்பதால் குழப்பம் இன்னும் கூடும்.

எழுத்தைப் புள்ளிகளாகப் பிரிக்கும் எண்ணம் கணினிக்கு முந்தையது. 1928-இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கான மின்விளக்குகள் சேர்ந்து செய்தி வரிகளை ஓட விட்டன. 1929-இல் ஜெர்மானியர் ருடோல்ஃப் ஹெல், எழுத்தை 7×7 கட்டத்தில் பிரித்துத் தந்தி வழியே அனுப்பும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பின்னாளில் பரவலானது அகலத்தில் 5, உயரத்தில் 7 புள்ளி கொண்ட 5×7 கட்டம். ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளுக்கும் எண்களுக்கும் அந்த 35 புள்ளிகள் போதும். கீழே வால் இறங்கும் சிற்றெழுத்துகளுக்குக் கூடுதல் வரிசை வேண்டும். 1980-இல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80 பிரின்டரின் தலையில் புள்ளி அடிக்கும் ஊசிகள் 9 இருந்தன.

தமிழுக்கு அந்த 5×7 கட்டம் போதுமா? ட-வை வரைந்து பார்ப்போம். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 7 புள்ளி, அடிவரிசையில் மேலும் 4. மொத்தம் 11 புள்ளிகளில் ட நிமிர்ந்து நின்றுவிடும். அதையே ட் ஆக்க வேண்டுமானால் மேலே ஒரு வரிசை காலியாக விட்டு, அதற்கும் மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஆக 9 வரிசை. அந்தக் காலி வரிசையை விடாவிட்டால் மெய்ப்புள்ளி எழுத்தோடு ஒட்டி, ட்-க்கும் ட-வுக்கும் வேறுபாடு தெரியாது. எல்லாமே புள்ளியாக இருக்கும் இடத்தில் எழுத்துக்கே உரிய புள்ளியைக் காப்பாற்றுவதுதான் தமிழ் வடிவமைப்பாளரின் முதல் வேலை. முச்சுழி ணகரத்தின் பாடு இதைவிடக் கடினம். ஒரு சுழிக்குள் வெற்றிடம் தெரிய 3 புள்ளி அகலம் வேண்டும். 5 புள்ளி அகலத்துக்குள் மூன்று சுழிகளை எப்படி அடக்குவது?

பிக்சல் எழுத்துரு வேறு. அதில் சதுரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். கால்குலேட்டரில் எண் காட்டும் ஏழு கீற்றுக் காட்சியும் வேறு. அதில் எண்கள் கீற்றுகளால் ஆனவை, புள்ளிகளால் அல்ல. புள்ளியணி என்று சொல்ல, தனித்தனிப் புள்ளிகளும் நடுவே இடைவெளியும் இருந்தாக வேண்டும். அந்த வகைப் பிரின்டரைப் புள்ளியணி அச்சுப்பொறி என்றும், ரயில் நிலையப் பலகையைப் புள்ளியணிப் பலகை என்றும் தயங்காமல் எழுதலாம்.